பயப்படாத பறவையை எவ்வளவு தொலைவிலிருந்து படமெடுப்பது?

நீங்கள் கேட்டிருப்பது இது. நம் மொரீஷியஸின் ஷமரேலில் சனிக்கிழமை தங்கிவிட்டு, மறுநாள் பிற்பகல் கத்ர் போர்ன் திரும்பும் வழியில், மலைக்காட்டை ஒட்டிய பெத்ரேனில் வண்டியை நிறுத்திச் சாப்பிட உட்கார்ந்தீர்கள். இளஞ்சிவப்புப் புறா ஒன்று நடந்தே வந்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. புதிதாக வாங்கிய 150–600 மில்லிமீட்டர் லென்ஸ் அதன்மேல் ஃபோகஸ் ஆகவே மறுத்தது. கைபேசியில் எடுத்த படங்களில் புறா வெள்ளைத்தாள்போல வெளுத்துவிட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடியும் போகிறீர்கள். கிட்டத்தில் எடுக்க வேறு லென்ஸ் வாங்க வேண்டுமா, கொஞ்சம் அரிசியோ ரொட்டித் துணுக்கோ தூவினால் புறா அசையாமல் நிற்குமா என்று கேட்கிறீர்கள். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: நம்மைக் கண்டு பயப்படாத பறவையிடம் எவ்வளவு நெருங்குவது? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்த இடத்திலிருந்து ஐந்தாறு எட்டுப் பின்னால் போங்கள். லென்ஸ் வாங்க வேண்டாம். அரிசி தூவவே வேண்டாம்.

நான் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறவன். இருபத்திரண்டு ஆண்டுகளாக விடுமுறை நாள்களில் பிளாக் ரிவர் மலைக்காட்டில் பறவைகளைப் படமெடுத்து வருகிறேன். நடுவில் சில ஆண்டுகள் பறவைக் காப்புப் பணியாளர்களோடு நின்று, புறாக்களின் கால் வளையங்களைப் பார்த்துக் குறிப்பெழுதியிருக்கிறேன். நான் விலங்கு மருத்துவன் அல்லன், உயிரியல் படித்தவனும் அல்லன். ஆகவே கீழே லென்ஸ், வெளிச்சம் பற்றி நான் சொல்வது கையால் செய்து பார்த்தது. நோய் பற்றிச் சொல்வது அந்தப் பணியாளர்களிடமிருந்தும் படித்தும் அறிந்தது. பறவையின் மனத்தைப் பற்றிச் சொல்வது பெரும்பாலும் ஊகம். அந்த இடம் வரும்போது ஊகம் என்றே சொல்லுவேன்.

முதலில் லென்ஸ். இதில் ஐயமே இல்லை, கணக்குப் போட்டே காட்டலாம். ஒவ்வொரு லென்ஸுக்கும், அதைவிடக் கிட்டே வந்தால் ஃபோகஸ் ஆகாது என்ற குறைந்தபட்சத் தொலைவு உண்டு. 150–600 வகை லென்ஸ்களில் அது தயாரிப்பைப் பொறுத்து ஏறத்தாழ இரண்டேகால் மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குள் வரும். உங்கள் புறா கைக்கெட்டும் தூரத்தில் நின்றது. எந்தத் திறமைசாலி அந்த லென்ஸைப் பிடித்திருந்தாலும் படம் விழுந்திருக்காது. உங்கள் கையில் பிழையில்லை. இன்னொன்றையும் பாருங்கள். அந்த லென்ஸின் பக்கவாட்டில் ஃபோகஸ் எல்லையைக் குறிக்கும் சிறு பொத்தான் ஒன்று இருக்கும். அது பத்து மீட்டருக்கு அப்பால் மட்டும் என்ற இடத்தில் இருந்தால், ஐந்து மீட்டரில் நிற்கும் பறவைகூடத் தெளியாது. வானத்தில் பறக்கும் பறவைகளை எடுத்துவிட்டு அதை மாற்ற மறந்துபோகிறவர்கள் பலர். ‘முழு வீச்சு’ என்ற நிலையில் வைத்துவிட்டுப் புறப்படுங்கள்.

சரி, கிட்டத்தில் ஃபோகஸ் ஆகும் லென்ஸ் ஒன்றை வாங்கினால்தான் என்ன? அப்போதும் படம் நன்றாக வராது என்பதே என் அனுபவம். காரணம், தெளிவின் ஆழம். பெரிய சென்சார் கொண்ட கேமராவில் 400 மில்லிமீட்டர், லென்ஸ் துளை எஃப் 5.6 என்று வைத்து இரண்டு மீட்டரிலிருந்து எடுத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாக இருக்கும் பகுதி ஒரு சென்டிமீட்டர்கூட இராது. புறாவின் கண் கூர்மையாக இருக்கும், அலகு நுனி மங்கும், இறக்கை முழுவதும் கரைந்துபோகும். தொலைவு இரட்டிப்பானால் இந்த ஆழம் நான்கு மடங்காகும். நான்கு மீட்டரில் மூன்று சென்டிமீட்டருக்கு மேல், ஐந்து மீட்டரில் ஐந்து சென்டிமீட்டர். தலையும் கழுத்தும் மார்பும் சேர்ந்து துலங்க அது போதும். படத்தில் பறவை சிறுத்துவிடுமே என்று கேட்பீர்கள். இளஞ்சிவப்புப் புறா அலகிலிருந்து வால்வரை ஏறக்குறைய 36 முதல் 38 சென்டிமீட்டர். நான் சொன்ன அதே கேமராவில் 400 மில்லிமீட்டர் வைத்து நான்கு மீட்டரிலிருந்து பார்த்தால், சட்டத்துக்குள் விழும் அகலமே 36 சென்டிமீட்டர்தான். பறவை சட்டத்தை அடைத்துக்கொண்டு, வால் வெட்டுப்படும். ஐந்து மீட்டருக்குப் போனால் 45 சென்டிமீட்டர் கிடைக்கும், சுற்றிலும் மூச்சுவிட இடம் வரும். உங்கள் கேமராவின் சென்சார் சிறியது என்றால் 400க்குப் பதில் 250 அளவில் வையுங்கள், கிட்டத்தட்ட அதே சட்டம் வரும். ஆக, இப்போது உங்களிடம் இருக்கும் லென்ஸே இந்தப் புறாவுக்கு அளவெடுத்துத் தைத்ததுபோலப் பொருந்துகிறது. நிற்க வேண்டிய இடம் மட்டுமே மாற வேண்டும்.

அந்த ஐந்து மீட்டரிலும் நின்றுகொண்டு எடுக்காதீர்கள். உட்காருங்கள், முடிந்தால் படுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து எடுத்தால் புறாவுக்குப் பின்னால் சரளைக்கல்லும் புல்லும்தான் தெரியும். அவை பறவையை ஒட்டியே இருப்பதால் மங்காமல் உறுத்தும். அதன் கண் மட்டத்துக்கு இறங்கினால் பின்னணி முப்பது அடிக்கு அப்பால் உள்ள காட்டுப் பச்சையாக மாறிவிடும். முக்காலி அவ்வளவு தாழ இறங்காது. அரை கிலோ அரிசியை ஒரு துணிப்பையில் போட்டுத் தைத்து, தரையில் வைத்து, அதன்மேல் லென்ஸைக் கிடத்துவது என் பழக்கம். நீங்கள் கொண்டுபோக நினைத்த அரிசிக்கு நான் கண்ட நல்ல பயன் இது. பெத்ரேனில் தரை எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், ஒரு தார்ப்பாய்த் துண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

புறா நடக்கும்போது தலையை வெட்டி வெட்டி ஆட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அது ஆட்டம் அன்று. தலையை முன்னே வீசும், பிறகு உடல் நகர்ந்து வந்து சேரும்வரை தலையைக் காற்றில் அப்படியே நிறுத்திவைக்கும். நிறுத்திவைக்கும் அந்தக் கணத்தில் கண் அசைவதே இல்லை. ஒரு நொடியில் 500இல் ஒரு பங்கு என்ற ஷட்டர் வேகத்தில் நான்கைந்து படங்களைத் தொடர்ந்து எடுத்தால், அவற்றில் ஒன்றாவது அந்தக் கணத்தில் விழும். குனிந்து கொத்திக்கொண்டிருக்கும்போது எடுத்துத் தள்ளாதீர்கள். தலை நிமிரும்வரை காத்திருங்கள்.

வெளுப்புக்கு வருகிறேன். புறாவின் தலையும் மார்பும் வெளிர்நிறம், பின்னால் இருண்ட காடு. கேமராவோ கைபேசியோ சட்டம் முழுவதையும் சராசரி பார்த்து, ‘இங்கே இருட்டு அதிகம்’ என்று வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. காடு நன்றாகத் தெரியும், புறா எரிந்துபோகும். எக்ஸ்போஷரை, அதாவது கேமரா எடுத்துக்கொள்ளும் வெளிச்சத்தை, முக்கால் அல்லது ஒரு படி குறைத்து வையுங்கள். கைபேசியில் பறவையின்மேல் விரலை வைத்து, தோன்றும் சிறு சூரியனைக் கீழே இழுங்கள். இருண்ட பகுதியைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம். எரிந்துபோன இறகை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. கைபேசியில் விரலால் பெரிதாக்கியும் எடுக்காதீர்கள். இருக்கிற அளவில் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து வெட்டிக்கொள்ளுங்கள், பலன் அதுதான், குறை குறைவு.

வெளிச்சத்தைப் பற்றி ஒன்று. தமிழ்நாட்டுப் புகைப்படக்காரர்கள் எழுதும் குறிப்புகளை நாம் எல்லோரும் படிக்கிறோம். அவர்களுக்குப் பெரும்பாலான மாதங்களில் நண்பகல் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். நமக்கு வடக்கே. ‘தெற்குப்புறத்தை முதுகில் வைத்துக்கொள்’ என்று அங்கே எழுதியதை இங்கே பின்பற்றினால், குளிர்காலத்தில் நேரே சூரியனைப் பார்த்து நிற்பீர்கள். நான் இதைப் புரிந்துகொள்ள இரண்டு பருவங்கள் ஆயின. அதைவிட முக்கியம் மேகம். 600 மீட்டருக்கு மேலான அந்த மேட்டுநிலத்தில் பிற்பகலில் மேகம் இறங்குவது வழக்கம். கடற்கரையில் வெயில் காயும்போதும் அங்கே தூறலாக இருக்கும். பலர் அதைக் கண்டு கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் இந்தப் புறாவுக்கு மேகமூட்டமே சிறந்த ஒளி. வெயிலில் அதன் நிறம் வெறும் வெள்ளையாகத் தெரியும். மேகத்தின் கீழேதான் கழுத்திலும் மார்பிலும் மெல்லிய ரோஜா நிறமும், இறக்கையின் பழுப்பும், வாலின் துருச் சிவப்பும் தனித்தனியே பிரிந்து தெரிகின்றன. கேமராவின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓ 1600, 3200 என்று ஏறத்தான் செய்யும், அதற்கு அஞ்ச வேண்டாம்.

இனி அரிசிக்கு வருவோம். அதற்கு முன், இந்தப் பறவை ஏன் பயப்படவில்லை என்பதைப் பார்க்க வேண்டும். மனிதன் வருவதற்கு முன் இந்தத் தீவில் தரையில் ஓடி வேட்டையாடும் பாலூட்டி எதுவும் கிடையாது. குரங்கு, எலி, பூனை, கீரி எல்லாம் கப்பலில் வந்தவை. தப்பி ஓட வேண்டிய தேவை பல்லாயிரம் தலைமுறைகளாக இல்லாத பறவைகளுக்கு அந்த அச்சம் இரத்தத்தில் ஊறவில்லை. 1598இல் டச்சுக்காரர்கள் கரையிறங்கினார்கள்; அடுத்த நூறு ஆண்டுகளுக்குள் டோடோ இல்லை. டோடோவும் புறாக் குடும்பத்துப் பறவைதான் என்பது நம் பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. மொரீஷியஸுக்கே உரிய புறா இனங்களில் இன்று உயிரோடு எஞ்சியிருப்பது உங்கள் அருகே வந்து நின்ற இந்த ஒன்றுதான். 1990களின் தொடக்கத்தில் இதுவும் காட்டில் பத்துப் பறவைகள் அளவுக்குச் சுருங்கியிருந்தது. கூண்டில் வளர்த்து, காட்டில் விட்டு, எலியையும் பூனையையும் கட்டுப்படுத்தி, தீவனம் வைத்து, ஆண்டுக்கணக்காக உழைத்துச் சில நூறாகப் பெருக்கியிருக்கிறார்கள். 2018இல் உலக அளவிலான செம்பட்டியலில் இதன் நிலை ஒரு படி மேம்பட்டது.

ஆனால் உங்கள் புறா அருகே வந்ததற்கு அந்தப் பழைய அச்சமின்மை மட்டும் காரணமாக இருக்காது. பெத்ரேன் பகுதியில் புறாக்களுக்குக் காப்புப் பணியாளர்கள் தீவனம் வைக்கும் ஏற்பாடு உண்டு. மனிதன் இருக்கும் இடத்தில் தானியம் இருக்கும் என்று சில பறவைகள் கற்றிருக்கலாம். உங்களுக்கு முன்னால் அதே மேசையில் உட்கார்ந்தவர்கள் பிரியாணிப் பருக்கையை வீசியிருக்கலாம். இது ஊகம், ஒவ்வொரு பறவைக்கும் கதை வேறு. அச்சமின்மைபோலத் தோன்றும் மூன்றாவது நிலையும் உண்டு, அதைத்தான் எல்லோரும் கவனமாகப் பார்க்க வேண்டும். நகர முடியாத பறவை. கூட்டில் அமர்ந்த பறவை முட்டையை விட்டுப் போக முடியாமல் இருக்கும். பாறைப் பொந்தில் அடைகாக்கும் பாயான்க்கே என்ற நீள்வால் வெள்ளைக் கடற்பறவை நாம் ஓர் அடி தூரத்தில் வந்தாலும் எழாது. அதை நட்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நோயுற்ற பறவையும் அப்படித்தான். இறகைச் சிலிர்த்து உருண்டையாக, கண் பாதி மூடி, அலகைத் திறந்து மூச்சுவாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புறாவைக் கண்டால் அதைப் படமெடுக்காமல் பூங்கா அலுவலரிடம் இடத்தைச் சொல்லுங்கள்.

இந்தப் புறாக்களை வாட்டும் நோய் ஒன்று உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒற்றைச் செல் உயிரி வாயிலும் தொண்டையிலும் தொற்றி, விழுங்கவே முடியாமல் செய்துவிடும். இளம் பறவைகளை அதிகம் கொல்லும். ஒரே இடத்தில் கொத்தித் தின்பதாலும் ஒரே நீரைக் குடிப்பதாலும் பரவும். ஊர்ப் புறாக்களும் பிற இடங்களிலிருந்து கொண்டுவரப்பட்ட புறா இனங்களும் அதைச் சுமந்து திரிகின்றன. நாம் மேசையடியில் ஒரு பிடி அரிசியைத் தூவினால், பல இனப் பறவைகளை ஒரே இலையில் உட்கார்த்திச் சாப்பாடு போடுகிறோம் என்று பொருள். மிஞ்சியதைத் தின்ன இரவில் எலி வரும், எலியைத் தேடிக் கீரி வரும், பகலில் குரங்கு வரும். புறாக் கூட்டில் முட்டையைத் திருடுவதும் அதே குரங்குதான். இந்தத் தீவுக்கே உரிய எக்கோ கிளிகளுக்கும் அலகையும் இறகையும் அழிக்கும் வைரஸ் நோய் ஒன்று உண்டு. ஆக, உணவுக் கூட்டம் எங்கே கூடினாலும் நோய்க்கு வழி திறக்கிறது.

‘காப்புப் பணியாளர்களே தீவனம் வைக்கிறார்களே, நாங்கள் வைத்தால் மட்டும் என்ன?’ என்பது நியாயமான கேள்வி. என் மாணவர்கள் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் வைப்பது குறித்த தானியம், குறித்த அளவு, குறித்த இடம். தட்டைக் கழுவுகிறார்கள். எந்த வளையமிட்ட பறவை வந்தது, எது வரவில்லை என்று எழுதுகிறார்கள். நோய் தென்பட்டால் அதைக் கவனிக்க ஆள் இருக்கிறது. அது மருத்துவமனைச் சாப்பாடு. நாம் வீசுவது திருவிழா அன்னதானம். நமக்கு இதில் ஒரு மனத்தடை இருப்பதும் எனக்குத் தெரியும். புறாவுக்காகத் தன் தசையையே அரிந்து கொடுத்த அரசனின் கதையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். காக்கைக்கு ஒரு கவளம் வைத்த பிறகே இலையில் கைவைத்த பாட்டிமார் நமக்கு உண்டு. பறவை அருகே வந்தால் கை தானாக நீளுகிறது. கொடுக்காமல் இருப்பது கஞ்சத்தனமாகத் தோன்றுகிறது. அந்தக் கதையில் அரசன் கொடுத்தது, புறாவின் உயிரைக் காக்க. இங்கே நம் கையிலிருந்து விழும் காத்தோ பிமான் துணுக்கு அதன் உயிருக்குத்தான் கேடு. உப்பும் எண்ணெயும் மிளகாயும் கலந்த பருப்புப் பலகாரம் காட்டுப் புறாவுக்கு ஏற்ற உணவும் அன்று.

படத்துக்காகவும் சொல்கிறேன். தூவிய அரிசியைத் தின்னும் புறா குனிந்தே இருக்கும். அரைமணி நேரம் எடுத்தாலும் உங்களுக்கு முதுகுதான் கிடைக்கும். எதுவும் தராமல், அசையாமல் உட்கார்ந்திருந்தால் அது தன் வேலையைப் பார்க்கத் தொடங்கும். இலையைக் கொத்தும், இறகைக் கோதும், ஆண் பறவை கழுத்தை உப்பிக்கொண்டு குனிந்து குனிந்து பெண்ணைச் சுற்றி வரும். அந்தப் படங்கள்தான் பத்தாண்டு கழித்தும் பார்க்கத் தோன்றுபவை. ஒரு முறை முக்கால் மணி நேரம் தூறலில் கிடந்தேன். ஓர் இணை என்னை மறந்து, ஒன்றின் கழுத்தை மற்றது கோதிவிட்டது. நான் ஆறு மீட்டரில் இருந்தேன். அதைவிட நல்ல படம் என்னிடம் இல்லை.

என் தொடக்க காலத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். வீட்டு வேலிச்செடியில் பிக்-பிக் குருவி கூடு கட்டியிருந்தது. தமிழில் வெள்ளைக்கண்ணி என்று சொல்லும் இனத்தின் உறவு. ஆனால் இங்குள்ள சாம்பல் நிறக் குருவிக்குக் கண்ணைச் சுற்றிய வெள்ளை வளையம் கிடையாது, பறக்கும்போது பின்னிடுப்பில்தான் வெள்ளை தெரியும். கூச்சமே இல்லாத பறவை. கூட்டை மறைத்த ஓர் இலைக்கிளையை, படம் தெளிவாக வரட்டும் என்று, நூல் கட்டி ஒதுக்கிவைத்தேன். தாயும் தந்தையும் தொடர்ந்து வந்து ஊட்டின, நான் மகிழ்ந்தேன். மூன்றாம் நாள் காலையில் கூடு காலி. எடுத்துப்போனது எது என்று நான் பார்க்கவில்லை. கிளை ஒதுங்கியதால்தான் எதிரிக்குக் கூடு தெரிந்தது என்று என்னால் உறுதிசொல்ல முடியாது. மறைந்திருக்கும் கூடுகளும் காலியாகின்றன. ஆனாலும் நூல் கட்டியது என் கை. அதன் பிறகு கூட்டைத் தேடிப் போனதே இல்லை. தற்செயலாகக் கண்ணில் பட்டால் திரும்பி நடந்துவிடுகிறேன். ஏறத்தாழ ஆகஸ்ட் முதல் பிப்ரவரிவரை இங்கே பல பறவைகள் கூடுகட்டும் காலம், இளஞ்சிவப்புப் புறாவோ ஆண்டின் பெரும்பகுதியிலும் கட்டும். பறவை வாயில் குச்சியோடு போவதைக் கண்டால் பின்தொடர வேண்டாம்.

ஐந்து மீட்டர் என்றேனே, அது என் சொந்த அளவு. எல்லாப் பறவைக்கும் பொருந்தும் விதி அன்று. பறவையே அளவைச் சொல்லும். தின்றுகொண்டிருந்தது தின்பதை நிறுத்திவிட்டதா, இறகுகளை உடலோடு ஒட்ட இறுக்கி மெலிந்து உயர்ந்து நிற்கிறதா, ஒரு கண்ணை உங்கள்மேல் பதித்து வைத்திருக்கிறதா, இறக்கையைச் சற்றே தளர்த்தி உதறுகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று தெரிந்தால் நீங்கள் நெருங்கிவிட்டீர்கள். எழுந்து ஓடாமல், இருந்த நிலையிலேயே பின்னால் நகருங்கள். மறுபடி தின்னத் தொடங்கும் இடமே உங்கள் இடம். அசையாமல் நிற்பதை மட்டும் வைத்து ‘நிம்மதியாக இருக்கிறது’ என்று முடிவுகட்ட வேண்டாம். பயத்தில் உறைந்து நிற்பதும் அதே தோற்றம்தான். நீங்கள் அசையாமல் உட்கார்ந்திருக்கும்போது பறவை தானாகவே இரண்டு மீட்டருக்கு வந்துவிட்டால்? அப்படியே இருங்கள். கேமராவைக்கூடத் தூக்க வேண்டாம். அதன் வழியில் அது போகட்டும். ஃபிளாஷ் நான் பயன்படுத்துவதில்லை. கண்ணுக்குக் கெடுதல் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், மற்றவர்களும் அப்படி அடித்துச் சொல்வதை நம்பாதீர்கள். ஆனால் இருண்ட காட்டில் மின்னல் வெட்டினால் பறவை செய்துகொண்டிருந்ததை விட்டுவிடுகிறது. அதைப் பலமுறை கண்ணால் பார்த்திருக்கிறேன். கைபேசியில் பறவைக்குரல் ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம். தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று அது பதறி வருவதை வரவேற்பு என்று நினைத்துவிடுகிறோம்.

வழியில் வேறு பறவைகளையும் பார்ப்பீர்கள். பிளேன் ஷாம்பாஞ் காட்சிமேடையில் பள்ளத்தாக்கை நோக்கி நின்றால் பாயான்க்கே உங்கள் காலுக்குக் கீழே பறக்கும். வெள்ளைப் பறவையை மேலிருந்து பச்சைப் பின்னணியில் எடுக்கும் வாய்ப்பு எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. அங்கே உங்கள் 600ஐ முழுவதும் நீட்டுங்கள், ஷட்டரை 2000க்கு உயர்த்துங்கள், எக்ஸ்போஷரை இங்கும் குறையுங்கள். தின்பண்டப் பையை வண்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு இறங்குங்கள், குரங்குகள் கையிலிருந்தே பறிக்கும். பச்சைக்கிளியைக் கண்டால் அலகைப் பாருங்கள். ஊரெங்கும் இருக்கும் வந்தேறிக் கிளியில் ஆண், பெண் இரண்டுக்கும் அலகு சிவப்பு. கறுத்த அலகோடு ஒரு கிளி தெரிந்தால் அது நம் எக்கோ கிளியில் பெண். மொரீஷியஸ் வல்லூறு தென்பட்டால் அது உங்கள் பேறு. 1974இல் காட்டில் நான்கே நான்கு என்று அறியப்பட்டிருந்த பறவை. கோழிதின்னி என்று ஊரார் பெயர் வைத்து அதைக் கொன்றார்கள். அது பெரும்பாலும் தின்பது பச்சைப் பல்லியை.

இந்த மூன்று வாரத்தையும் வீணாக்காதீர்கள். உங்கள் முற்றத்துக்கே வரிப்புறா வரும், கார்தினால் வரும், மர்தேன் என்று நாம் அழைக்கும் மைனா வரும். வெட்டுக்கிளியைக் கட்டுப்படுத்தவென்று 18ஆம் நூற்றாண்டில் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த பறவை அது. பாண்டிச்சேரியிலிருந்து நம் முன்னோர்களில் கைவினைஞர்கள் சிலர் வந்து இறங்கியதும் அந்த நூற்றாண்டில்தான். தினமும் காலை இருபது நிமிடம் தரையில் உட்கார்ந்து, ஐந்து மீட்டரில் நிற்கும் வரிப்புறாவின் கண்ணில் ஃபோகஸ் வைத்துப் பழகுங்கள். அது உருவில் சிறியது, கடினமானது. அதில் கை பழகிவிட்டால் பெரிய புறா எளிது. போகும் நாளில், திரும்பும் வழியில் களைத்துப்போய் நிற்காமல், போகும்போதே காலை எட்டு மணிக்குள் பெத்ரேனில் இருங்கள். சாப்பாட்டு மேசைகளுக்கு அருகில் வேண்டாம். மக்காபே பக்கம் செல்லும் பாதையில் சிறிது தூரம் நடந்து ஓரமாக உட்காருங்கள். வரும் என்று உறுதிசொல்ல மாட்டேன். நான் வெறுங்கையோடு திரும்பிய காலைகளும் பல. இன்னொரு வார இறுதி கிடைத்தால் மாயேபூருக்கு அருகே ஈல் ஓ ஏக்ரெத் தீவுக்குப் போங்கள். 26 ஹெக்டேர்தான், வழிகாட்டியோடு மட்டுமே நடக்க முடியும். எலியும் பூனையும் அகற்றப்பட்ட இடம் என்பதால், தலையும் மார்பும் மட்டும் சிவந்த உள்ளூர் ஃபோடிக் குருவியையும் புறாவையும் அமைதியாகப் பார்க்கலாம். உடல் முழுதும் சிவந்திருந்தால் அது மடகாஸ்கரிலிருந்து வந்த கார்தினால்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். புறாவின் கால்களை மறைக்காமல் ஒரு படமாவது எடுங்கள். பெரும்பாலான பறவைகளின் காலில் நிற வளையங்கள் இருக்கும். ‘படம் கெடுகிறது’ என்று பலர் அவற்றைக் கணினியில் அழித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அழிக்காதீர்கள். எந்தக் காலில், மேலிருந்து கீழாக எந்த நிறங்கள், எந்த இடம், எத்தனை மணி என்று குறித்து, மொரீஷியஸ் வனவுயிர் அறக்கட்டளைக்கோ பெத்ரேன் பூங்கா அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். வளையத்தில் எழுத்து இருந்தால் பெரிதாக்கிப் படித்துக்கொள்ளுங்கள். சென்ற முறை எடுத்த வெளுத்த படங்களையும் அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். புறா வெளுத்திருந்தாலும் கால் நிழலில் இருந்திருக்கும், வளைய நிறம் தெரியக்கூடும். திறந்து பாருங்கள், தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள், எப்படிக் குறிப்பது என்று சொல்கிறேன்.